கீழ்வீடு குளிர்ந்தா மேல்வீட்டில கால் விறைக்கும்: வாசகர் கேள்வி பதில்

போனமுறை கூரை வெக்கையைப் பற்றி எழுதினதுக்கு வந்த கடிதங்கள் இன்னும் மேசையில குவிஞ்சு கிடக்கு. ஆனா கோப்பாயிலயிருந்து ஒரு அம்மா எழுதினதுக்கு நீளமாத்தான் பதில் சொல்லவேணும், அதால மற்ற ஆக்கள் குறை நினையாதேங்கோ, உங்களுக்கு இந்தமுறை சுருக்கம்தான்.

கேள்வி: நாங்கள் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டப் போறம். கனடாவில அண்ணை வீட்டில இருக்கிற மாதிரி பேஸ்மென்ற் (நிலத்துக்குக் கீழ அறை) ஒண்டு வைச்சுக் கட்டுவமோ எண்டு கேட்டா மேசன் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார்? (இளவாலை வாசகர்)

பதில்: மேசன் சிரிச்சது சரி தம்பி. அங்க பேஸ்மென்ற் வைக்கிறது ஆசைக்கு இல்லை. மாரியில மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு வீங்கி அத்திவாரத்தைத் தூக்கிப்போடும், அதால ரொறன்ரோ பக்கம் நாலடி, அதாவது 1.2 மீற்றருக்குக் கீழயாவது அத்திவாரம் இறங்கவேணும். நாலடி வெட்டுறதை இன்னும் நாலடி வெட்டினா ஒரு அறை கிடைக்குது, அவ்வளவுதான் கதை. யாழ்ப்பாணத்தில எங்களுக்கு உறையிற மண்ணும் இல்லை, வெட்டுறதுக்கு மண்ணும் இல்லை, கொஞ்சம் போனா சுண்ணாம்புக்கல்லு, அதையும் உடைச்சுப் போனா தண்ணி. புத்தூர் நிலாவரைக் கிணத்தை ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாங்கோ, எங்கட நிலத்துக்குக் கீழ என்ன இருக்கெண்டு விளங்கும். அறை வெட்டப்போனா கிணறுதான் மிஞ்சும்.

கேள்வி: ஐயா, நான் போன ஐப்பசிக்கு ரொறன்ரோவில மகள் வீட்டுக்குப் போய் பங்குனியிலதான் திரும்பி வந்தனான். அவை வாங்கியிருக்கிறது 90 வருசத்துப் பழைய செங்கல்லு வீடு. ஹோலிலயும் குசினியிலயும் நிலம் ஐஸ் மாதிரி, கால் வைக்கேலாது, முழங்கால் பிடிச்சு இன்னும் சரியாகேல்லை. கீழ பேஸ்மென்ற் இருக்கு, கல்லுச் சுவர், தலை முட்டும், ஒருத்தரும் இருக்கிறேல்லை. பேர்ணஸும் (வீட்டைச் சூடாக்கிற அடுப்பு) சுடுதண்ணித் தாங்கியும் உடுப்புத் தோய்க்கிற மெசினும் அங்கதான். மருமகன் இப்ப ஹோல் நிலத்துக்குக் கீழ, பேஸ்மென்ற் முகட்டில, மரங்களுக்கு இடையில குளிரை மறிக்கிற ரோஸ் நிறப் பஞ்சை தானே அடிச்சு விடப்போறன் எண்டு நிக்கிறார். நீங்கள் அங்க உந்த வேலை கன வருசம் செய்தனீங்கள் எண்டு எழுதியிருந்தியள். அவர் செய்யப்போறது சரியோ? நான் சொன்னா கேக்கமாட்டார், நீங்கள் எழுதினா படம் எடுத்து அனுப்புவன். (கோப்பாய் அம்மா)

பதில்: அம்மா, படம் எடுத்து அனுப்புறதெண்டா முதல் பாதி உங்களுக்கு, கடைசிப் பாதி மருமகனுக்கு.

மார்கழி விடியக்காலமை எங்கட கிணத்துத் தண்ணியை அள்ளி ஊத்தேக்க வெதுவெதுப்பா இருக்குமெல்லோ, கிணறு சூடாகிறதில்லை, வெளியில காத்துத்தான் குளிர்ந்துபோச்சு. நிலத்துக்குக் கீழ கொஞ்சம் ஆழத்தில வருசம் முழுக்க ஒரே சூடுதான், அது அந்த ஊரின்ர வருசச் சராசரிக்குக் கிட்டவா இருக்கும். எங்களுக்கு 28 பாகை மட்டில. ரொறன்ரோவில 8, 10 பாகை. அந்த 10 பாகை மண்ணுக்கு நடுவில குந்தியிருக்கிற கல்லுக்கிடங்குதான் உங்கட மகள் வீட்டு பேஸ்மென்ற், அதுக்கு மேல ஒரு பலகை, பலகைக்கு மேல உங்கட கால். யாழ்ப்பாணத்துச் சீமெந்து நிலத்தில வெறுங்காலோட 60, 70 வருசம் நடந்த கால் அதைத் தாங்குமோ.

ஆனா குளிர் ரெண்டு வழியால வருது, அதுதான் மருமகன் யோசிக்க வேண்டிய இடம். ஒண்டு பலகைக்குள்ளால சூடு கீழ இறங்கிப் போறது. அதுக்குப் பஞ்சு மருந்துதான். மற்றது காத்து. சூடான வீடு ஒரு புகைபோக்கி மாதிரி, சூட்டுக்காத்து மேல ஏறி மேல்மாடி யன்னல், முகட்டு ஓட்டை எல்லாத்தாலயும் வெளிய போகும், போன காத்துக்குப் பதிலுக்கு ஒரு காத்து கீழ எங்கயாலயாவது உள்ளுக்க வந்துதானே ஆகவேணும், அது வாறது பேஸ்மென்ற்றாலதான். வெளியில மைனஸ் 20 வரைக்கும் போற நாளில அந்தக் காத்து எப்பிடி இருக்குமெண்டு நான் சொல்லத் தேவையில்லை. வெறும் பஞ்சு காத்தை மறிக்காது, வடிகட்டும். பழைய பஞ்சைக் கழட்டேக்க கறுப்பா ஊத்தை பிடிச்சுக் கிடந்தா அவ்வடத்தால வருசக்கணக்கா காத்துப் போயிருக்கெண்டு நாங்கள் கண்டுபிடிக்கிறனாங்கள்.

காத்து உள்ளுக்க வாற பெரிய வாசல் எதெண்டா, கல்லுச் சுவர் முடிஞ்சு மர நிலம் தொடங்கிற விளிம்பு. நிலத்தைத் தாங்கிற தீராந்திகள், அங்க ஜொயிஸ்ற் எண்டுவினம், அதுகின்ர நுனி போய் ஒரு பலகையில முட்டும், அந்தப் பலகைக்கு அங்கால தெரு. பழைய வீடுகளில உந்த விளிம்பு முழுக்க வெடிப்பும் ஓட்டையும்தான், சில வீட்டில பகல் வெளிச்சமே தெரியும். நீங்கள் அங்க ஊதுபத்தி கொண்டுபோனனீங்கள் எண்டா மருமகனுக்குச் சொல்லுங்கோ, காத்தடிக்கிற நாளில ஒரு பத்தியைக் கொழுத்தி அந்த விளிம்பு வழியா மெதுவா கொண்டுபோகச் சொல்லி, புகை எங்க ஆடுதோ எங்க கிடையாப் போகுதோ அங்க சோக்கால கீறிவிட்டா வேலையில பாதி முடிஞ்சுது. (பஞ்சு, பெயின்ற் ரின் இதுகளுக்குக் கிட்ட நெருப்பைக் கொண்டுபோகாமல் பாத்துக்கொள்ளுங்கோ.) பைப் ஏறுற ஓட்டை, வயர் ஏறுற ஓட்டை, பேஸ்மென்ற் யன்னல் சட்டம், பழைய அடுப்புப் புகைக்கூண்டைச் சுத்தியிருக்கிற இடைவெளி, எல்லாத்திலயும் பத்தி பிடிக்கவேணும்.

இப்ப மருமகன் தம்பி, உங்களோட கதைக்கிறன்.

பஞ்சு வாங்க முதல் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லுங்கோ: உங்கட பேஸ்மென்ற் வீட்டுக்கு உள்ளுக்கோ வெளியாலயோ? சிரிக்காதேங்கோ, வீட்டுக்குப் போர்வை போர்த்தினா அந்தப் போர்வை எதைச் சுத்திப் போகவேணும் எண்டதுதான் கேள்வி. நிலத்துக்குக் கீழ பஞ்சடிச்சா பேஸ்மென்ற்றைப் போர்வைக்கு வெளியால தள்ளிவிடுறியள். மேலயிருந்து இவ்வளவு நாளும் ஒழுகின சூட்டிலதான் அந்தக் கிடங்கு ஓரளவு தாங்கிக்கொண்டு இருந்தது, அதை நிப்பாட்டினா அது இன்னும் குளிரும், அங்க உங்கட தண்ணிப் பைப் இருக்கு, மீற்றர் இருக்கு, மெசின் இருக்கு, பேர்ணஸ் இருக்கு. நான் வேலை தொடங்கின காலத்தில ஒரு வீட்டில நூல் பிடிச்ச மாதிரி வடிவா முகடு முழுக்கப் பஞ்சடிச்சுக் குடுத்தனான், வீட்டுக்காரர் கை குடுத்து அனுப்பினவர், தைமாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சுவர் ஓரத்துப் பைப் உறைஞ்சு வெடிச்சு பேஸ்மென்ற் முழுக்கத் தண்ணி. பிழை என்னிலதான். பைப்பைப் பஞ்சுக்குக் கீழ, குளிர்ப் பக்கத்தில விட்டிட்டன்.

அதால என்ர முடிவு என்னெண்டா, பேர்ணஸும் பைப்பும் கீழ இருக்கிற வீட்டில முதல் நிலத்தைத் தொடாதேங்கோ. விளிம்பை அடையுங்கோ. கெட்டியான போம் (இறுகின நுரை) பலகை, ரெண்டு அங்குலத் தடிப்பு, ஒவ்வொரு ஜொயிஸ்ற் இடைவெளிக்கும் கொஞ்சம் சின்னனா வெட்டிச் செருகி, சுத்திவர ரின்னில வாற ஸ்பிறே போம் அடிச்சு மூடிவிடலாம். தனி ஆள் ரெண்டு சனி ஞாயிறில முடிக்கக்கூடிய வேலை. ஒரு சொல்லு: அந்த மர நுனியெல்லாம் காய்ஞ்சு இருக்கோ எண்டு முதல் ஒரு ஸ்குறூ றைவராலை குத்திப் பாருங்கோ, உக்கல் இருந்தா மூடவே கூடாது. புகைக்கூண்டு, காஸ் புகைக் குழாய் இதுகளைச் சுத்தி போம் அடிக்கிறது விசர் வேலை, அதுக்குத் தகரத் துண்டும் சூடு தாங்கிற பசையும் இருக்கு. திறந்தபடி விடுற போம் பலகைக்கு மேல நெருப்புக்கு மறைப்பு கேப்பினம், உங்கட நகரசபை பில்டிங் ஆக்களிட்டக் கேட்டுச் செய்யுங்கோ.

பேந்து பேர்ணஸிலயிருந்து மேல போற தகரக் குழாய்கள். பழைய வீட்டில அதின்ர பொருத்து எல்லாத்தாலயும் சூட்டுக்காத்து கீழயே ஒழுகும், ஹோலுக்கு வரவேண்டிய சூடு பேஸ்மென்ற் சிலந்திக்குப் போகுது. டக்ற் ரேப் எண்டு பேர் இருந்தாலும் அந்தத் துணி ரேப் சூட்டுக்கு ரெண்டு மூண்டு வருசத்தில கழண்டு தொங்கும், தூரிகையால பூசிற மாஸ்ரிக் பசை அல்லது அலுமினிய ரேப் வாங்குங்கோ. இந்த ரெண்டையும் செய்திட்டு ஒரு மாரி இருந்து பாருங்கோ. பாதி வீடுகளில அதோட கதை முடிஞ்சிடும்.

முடியேல்லை எண்டா ரெண்டு வழி. பேஸ்மென்ற்றை உள்ளுக்க எடுக்கிறதெண்டா சுவருக்குச் செய்யவேணும், ஆனா உங்கட கல்லுச் சுவர் மேடு பள்ளம், அதில பலகை ஒட்டாது, குளோஸ்ட் செல் எண்டு சொல்லுற, அடிச்சா பொங்கி இறுகிற ஸ்பிறே போம்தான் சரி, அது கொம்பனி ஆக்கள் வந்து செய்யிற வேலை, காசும் கூட, அடிக்கிற நாளில நீங்கள் பிள்ளைகளோட வேற இடத்தில நிக்கவும் வேணும். அதுக்கும் முதல் சுவரில வெள்ளை உப்புப் பூத்திருக்கோ எண்டு பாருங்கோ, பூத்திருந்தா வெளியில பீலித் தண்ணி சுவரடியில விழுகுது, முதல் அதைத் தூரக் கொண்டுபோய் விடுங்கோ, மண்ணை வீட்டிலயிருந்து சரிவா இழுத்து விடுங்கோ. ஈரச் சுவரை மூடினா ஈரம் எங்கயும் போகாது, மரத்துக்குத்தான் ஏறும்.

மற்ற வழி, நீங்கள் யோசிச்ச மாதிரி நிலத்துக்குக் கீழ பஞ்சு. நான் அது பிழையெண்டு சொல்லேல்லை, முறையாச் செய்யவேணும் எண்டுதான் சொல்லுறன். 90 வருசத்து வீடெண்டா முதல் வயரைப் பாருங்கோ, வெள்ளைப் பீங்கான் குமிழில ரெண்டு வயர் தனித்தனியா ஓடினா அது அந்தக் காலத்து நொப் அன்ட் ரியூப், அந்த வயர் தன்ர சூட்டைக் காத்துக்கு விட்டுத்தான் பிழைக்குது, அதைப் பஞ்சால மூடினா சூடேறி நெருப்புப் பிடிக்கலாம், இன்சூரன்ஸ்காரனும் கத்துவான். லைசென்ஸ் உள்ள எலக்ரீசியனைக் கூப்பிட்டு மாத்தாமல் ஒரு பிடி பஞ்சும் வைக்காதேங்கோ. பழைய பைப்பைச் சுத்திச் சாம்பல் வெள்ளையா மாப்பலகை மாதிரி ஏதும் சுத்தியிருந்தா அது அஸ்பெஸ்ரஸா இருக்கலாம், கையால தொடாதேங்கோ, சோதிக்கக் குடுங்கோ.

பஞ்சு எப்பிடி வேலை செய்யுதெண்டு உங்கட மாமிக்குத் தெரியும், கேளுங்கோ. சித்திரை வெய்யிலுக்கு கிடுகு வேய்ஞ்ச வீட்டுக்குள்ள ஏன் குளிர்மை? ஓலையில மந்திரம் ஒண்டும் இல்லை, அடுக்கடுக்கா வேயேக்க இடையில சின்னச் சின்னக் காத்து ஆடாமல் அசையாமல் நிக்குது, அதுதான் சூட்டை மறிக்குது. உங்கட ரோஸ் பஞ்சும் அதே கிடுகுதான், கண்ணாடியில செய்தது. அப்ப அமத்தி அடைஞ்சா என்ன நடக்கும்? இலவம்பஞ்சு மெத்தை படுத்துப் படுத்துத் தட்டையானா எப்பிடியோ அப்பிடித்தான், காத்து போயிடும், பலன் குறைஞ்சிடும். ஆறங்குலப் பஞ்சை மூண்டங்குல இடத்துக்குள்ள திணிக்கிற ஆக்களை நான் கண்ணால கண்டிருக்கிறன். பஞ்சுக்கும் மேல் பலகைக்கும் இடையில வெளி விடவும் கூடாது, ஒட்டி முட்டிக்கொண்டு நிக்கவேணும், ஒரு அங்குலம் தொங்கினாலும் அந்த வெளியால குளிர்காத்து ஓடித் திரியும், நீங்கள் பஞ்சுக்கு மேல ஒரு வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி. கீழ விழாமல் பிடிக்க இரும்புக் கம்பி விக்கினம், அதை வில்லு மாதிரி வளைச்சு ரெண்டு மரத்துக்கும் இடையில இறுக்கலாம், ஆனா பஞ்சை அமத்தாமல்.

எந்தப் பஞ்சு? என்னைக் கேட்டா றொக்வூல் மாதிரிக் கல்லுப்பஞ்சு. எரிமலைக் கல்லை உருக்கி நூலாக்கினது, நெருப்புப் பிடியாது, ஈரம் பட்டாலும் உடன சோராது, தானே இடைவெளியில இறுகி நிக்கும், மேல நடக்கிற சத்தத்தையும் குறைக்கும். அஞ்சரை அங்குலத்துக்கு ஆர் 22 கிடைக்கும். ஆர் எண்டது எவ்வளவு மறிக்குது எண்ட கணக்கு. ஆர் 10 ஐ 20 ஆக்கினா இழப்புப் பாதியாகும், 20 ஐ 30 ஆக்கினா மிச்சத்தில மூண்டில ஒண்டுதான் குறையும், அதால பெரிய நம்பருக்குப் பின்னால ஓடாமல் ஓட்டை அடைக்கிறதுக்குக் காசை வைச்சிருங்கோ.

கடதாசி ஒட்டின பஞ்செண்டா கடதாசி மேல, வீட்டுச் சூட்டுப் பக்கம் பாக்கவேணும். பாக்கிறதுக்கு வடிவா இருக்கெண்டு கீழ்ப்பக்கம் பொலித்தீன் இழுத்து அடிக்கிறது பெரிய பிழை. ஈரம் சூட்டுப் பக்கத்தாலதான் வரும், குளிர்ப் பக்கத்தில போய்ப் பொலித்தீனில தண்ணியாப் பிடிக்கும், ஒரு நாள் நீங்கள் அண்ணாந்து பாத்தா உங்கட நிலத்துக்குக் கீழ தண்ணிப் பை தொங்கும்.

பைப் எல்லாத்துக்கும் போம் உறை போடுங்கோ, வெளிச்சுவர் ஓரத்துப் பைப்பை எப்பிடியும் விட்டிடாதேங்கோ. பேஸ்மென்ற் படிக்கதவு அதுக்குப் பிறகு வெளிக்கதவுதான், சுத்திவர ரப்பர் ஒட்டுங்கோ, அதை விட்டா மற்றதெல்லாம் வீண். வீட்டை இப்பிடி இறுக்கினாப்பிறகு பழைய மாதிரிக் காஸ் சுடுதண்ணித் தாங்கியின்ர புகை வெளிய போகாமல் திரும்பி உள்ளுக்க வரலாம், அந்தக் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. அலாரம் இருக்கவேணும் எண்டு ஒன்ராறியோவில 2014 இலயிருந்து சட்டமே இருக்கு, உங்கட அலாரத்தின்ர பற்றியைப் பாருங்கோ, காஸ் ஆளையும் ஒருக்கா கூப்பிட்டுக் காட்டுங்கோ.

அம்மா, இனி உங்களுக்கு. எல்லாம் சரியாச் செய்தாலும் அந்த நிலம் அறைச் சூட்டுக்குத்தான் வரும், 20 பாகை. உங்கட கோப்பாய் வீட்டு நிலம் மார்கழியிலயும் அதைவிடச் சூடு. குசினி ரைல்ஸ் 20 பாகையில இருந்தாலும் மரத்தைவிடக் கெதியாக் காலில இருந்து சூட்டை இழுக்கும், தொட்டா குளிரும். பஞ்சு நிலத்தைச் சுடவைக்காது, சூடு போறதைத்தான் மறிக்கும். அதால அடுத்தமுறை போகேக்க ரெண்டு சோடி கம்பளி மேஸ், குசினியில நிக்கிற இடத்துக்கு ஒரு தடிச்ச பாய். அது பஞ்சைவிட மலிவு, போய் இறங்கின அண்டைக்கே வேலை செய்யும்.

கேள்வி: எங்கட பழைய வீட்டில மழை தொடங்கினா சிவப்புச் சீமெந்து நிலம் வியர்க்குது, பிள்ளைகள் வழுக்கி விழுகினம். ரைல்ஸ் பதிச்சா நிக்குமோ? (மானிப்பாய் வாசகி)

பதில்: தண்ணி எங்கயிருந்து வருதெண்டு தெரியாமல் ரைல்ஸுக்குக் காசு குடுக்காதேங்கோ தங்கச்சி. ரெண்டடிப் பொலித்தீன் துண்டொண்டை நிலத்தில விரிச்சு நாலு பக்கமும் ரேப்பால இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. பொலித்தீனுக்கு மேல தண்ணி எண்டா காத்தில இருக்கிற ஈரம் குளிர்ந்த நிலத்தில படியுது, விடியக்காலமை ஈரக்காத்து அடிக்கேக்க கதவு யன்னலைச் சாத்தி வைச்சு மின்விசிறியைப் போடுங்கோ, குறையும். கீழ்ப்பக்கம் நனைஞ்சிருந்தா நிலத்தால ஏறுது. அப்ப ரைல்ஸ் பதிச்சா நிலத்தில நிண்டது சுவரால ஏறும், அடிச்சுவர்ச் சாந்து உப்புப் பூத்து உதிரும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல ஆரும் சீமெந்து பூசியிருக்கினமோ எண்டும் பாருங்கோ, சுண்ணாம்பு ஈரத்தை வெளிய விடும், சீமெந்து பிடிச்சு வைச்சிருக்கும். கனபேர் வீட்டில கரைச்சல் தொடங்கினதே அந்தப் பூச்சாலதான்.

கேள்வி: மேல்மாடி பிளாற் (கொங்கிறீட் தட்டைக் கூரை) வெக்கை தாங்கேலாது. லண்டன் தம்பி பஞ்சு வாங்கி அனுப்பிறன் எண்டுறான், சீலிங்குக்கு மேல போடவோ? (நல்லூர் வாசகர்)

பதில்: வேண்டாமெண்டு தம்பிக்கு உடன கோல் எடுங்கோ. கொங்கிறீட் பகல் முழுக்க வெய்யிலைக் குடிச்சு இரவு பத்து மணிக்கு உங்களுக்கு மேல கக்குது, மேல் பக்கத்திலயே மறிக்கவேணும். வெள்ளைப் பூச்சு ரெண்டு தரம் அடியுங்கோ, ஏலுமெண்டா பிளாற்றுக்கு மேல உயர்த்தித் தகரப்பந்தல் ஒண்டு, நாலு பக்கமும் காத்துப் போக. பஞ்சை சீலிங்குக்கு மேல போட்டா அணிலுக்கும் எலிக்கும்தான் கொண்டாட்டம், மரநாய் வந்து குட்டி போட்டாப்பிறகு எனக்கு எழுதாதேங்கோ.